சோலார் பேனலில் படியும் தூசியை எளிய சென்சார்களால் கண்டுபிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிஎம் சூர்யா கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தபிறகு, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும் மொட்டை மாடியில் சோலார் போட்டவர்கள் நிறையப் பேர். போட்டு நாலைந்து மாதம் ஆனதும் எல்லோருக்கும் வரும் சந்தேகம் ஒன்றுதான்: பேனலை எப்போது கழுவுவது? வாரம் ஒருமுறை கழுவினால் தண்ணீரும் உழைப்பும் வீண். கழுவாமலே விட்டால் யூனிட் வீண். கண்ணால் பார்த்துச் சொல்வதும் கடினம். மெல்லிய செம்மண் பூச்சு கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், ஆனால் இழப்பு சின்னதாக இருக்கும். கரும்புகைப் படலம் கண்ணுக்கே தெரியாது, இழப்பு கூடுதலாக இருக்கும். இதை ஆயிரம், ஆயிரத்து ஐநூறு ரூபாய்ச் செலவில் அளந்து பார்த்துவிடலாம். அதைப் பற்றி வரும் கேள்விகளும் பதில்களும் கீழே.

தூசியால் உண்மையிலேயே அவ்வளவு இழப்பு வருமா?

ஊரைப் பொறுத்தது, மாதத்தைப் பொறுத்தது. காந்திநகர் ஐஐடியில் இருந்த பேனல்களைச் சில வாரங்களுக்கு ஒருமுறை கழுவிப் பார்த்தபோது, ஒவ்வொரு முறையும் உற்பத்தி ஏறக்குறைய 50 சதவீதம் கூடியதாக, டியூக் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்து 2017-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அது குஜராத்தின் வறண்ட நிலம், வடமேற்குப் பாலைவனத் தூசி. தமிழ்நாட்டின் எல்லா மாடிக்கும் அந்த எண் பொருந்தாது. ஆனால் கருங்கல் குவாரிப் பக்கம், செங்கல் சூளைப் பக்கம், லாரி ஓடும் மண் சாலையோரம் வீடு இருந்தால் அலட்சியம் கூடாது.

ரூபாயில் பார்ப்போம். நம் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் 12 யூனிட். 5 சதவீத இழப்பு நாளைக்கு 0.6 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 36 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் வைத்தால் 216 ரூபாய். அதே இழப்பு 15 சதவீதம் ஆனால் 108 யூனிட், 648 ரூபாய். முதல் தொகைக்காக யாரும் அவசரமாக மாடி ஏற வேண்டாம். இரண்டாவதை விட்டுவைக்கக் கூடாது. இந்த இரண்டில் நம் வீடு எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் சென்சார்.

இன்வெர்ட்டர் ஆப்பிலேயே யூனிட் தெரிகிறதே, அது போதாதா?

போதாது. ஆப்பில் எண் குறைந்தால் அதற்குத் தூசி ஒரு காரணம், இன்னும் நாலு காரணம் உண்டு. மெல்லிய உயர மேகம் வந்தாலே பத்து சதவீதம் போய்விடும். ஏப்ரல் வெயிலில் பேனல் 60, 65 டிகிரிக்குச் சூடாகும்போது திறன் இறங்கும். சிலிக்கான் பேனலில் 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 முதல் 0.4 சதவீதம் வரை குறைகிறது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும், பகலும் குறுகல். தெருவில் மின்னழுத்தம் 250 வோல்ட்டை நெருங்கினால் இன்வெர்ட்டர் தானே உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும், சில நேரம் நின்றே போகும். இவை எல்லாமே ஆப்பில் தூசி மாதிரியேதான் தெரியும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 3 கிலோவாட் இன்வெர்ட்டரில் அதைவிடக் கணிசமாகக் கூடுதல் பேனல் போட்டிருந்தால், உச்சி வெயிலில் கோடு தட்டையாக 3 கிலோவாட்டிலேயே நிற்கும். அப்போது தூசி ஐந்து சதவீதம் தின்றாலும் உச்சியில் தெரியாது, காலையிலும் மாலையிலும்தான் தெரியும்.

ஆப் கணக்கு ஒரு மாதத்தை இன்னொரு மாதத்தோடு ஒப்பிடுகிறது. தூசியைக் கண்டுபிடிக்க, ஒரே நிமிடத்தில், ஒரே வெயிலில், அழுக்கானதையும் சுத்தமானதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். கீழே வரும் எல்லா முறைக்கும் அடிப்படை இதுதான்.

கடையில் தூசி சென்சார் என்றே கிடைக்கிறதே, அதை வைக்கலாமா?

வேண்டாம். அவை காற்றில் மிதக்கும் துகளை எண்ணுபவை, காற்றின் தரத்தைச் சொல்ல உதவுபவை. நமக்கு வேண்டியது கண்ணாடியில் ஒட்டிய தூசி. காற்றில் நிறைய இருந்து காற்றோடே போய்விடும் நாளும் உண்டு. காற்று தெளிவாக இருந்தும், முந்தைய வாரத் தூசி பனித்துளியில் ஊறிக் காய்ந்து கண்ணாடியில் சிமெண்ட் மாதிரி பிடித்திருக்கும் நாளும் உண்டு. சென்னையில் போகிப் புகை கலைந்த பிறகு காற்றுச் சென்சார் நல்ல எண் காட்டும். ஆனால் அந்தக் கரி, மார்கழிப் பனியோடு பேனலில் உட்கார்ந்தே இருக்கும்.

அப்படியானால் எதை அளப்பது?

மின்னோட்டத்தை, அதாவது ஆம்பியரை. பேனலின் இரண்டு முனையையும் நேராக இணைத்தால் ஓடும் மின்னோட்டம் செல்லின் மேல் விழும் வெளிச்சத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். வெளிச்சம் பத்து சதவீதம் குறைந்தால் மின்னோட்டமும் பத்து சதவீதம் குறையும். இன்னொரு நல்ல விஷயம், வெப்பம் இந்த மின்னோட்டத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. டிகிரிக்கு 0.05 சதவீதம் அளவுதான்.

வோல்ட்டை அளந்து ஏமாறுபவர்கள் நிறைய. வெளிச்சம் பாதியானால்கூட வோல்ட் சில சதவீதம்தான் இறங்கும். தூசி மூடிய பேனலும் மல்டிமீட்டரில் கிட்டத்தட்ட முழு வோல்ட்டைக் காட்டும். 'வோல்ட் வருதே, பேனல் நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போவது இதனால்தான்.

இதே யோசனை செவ்வாய்க் கிரகம் வரைக்கும் போயிருக்கிறது. 1997-இல் அங்கே இறங்கிய சோஜர்னர் வண்டியில் ஒரு சின்ன சூரியச் செல், அதன்மேல் திறந்து மூடும் கண்ணாடி. தூசி படிந்த கண்ணாடி மேலே இருக்கும்போது ஒரு அளவு, கண்ணாடியை விலக்கி ஒரு அளவு. வித்தியாசம்தான் தூசி. நாளைக்கு 0.28 சதவீதம் என்று கணக்கு வந்தது. நம் மாடியில் செய்யப்போவதும் அதேதான்.

என்னென்ன பொருள் வேண்டும்?

ஒரே மாதிரி இரண்டு சின்ன சோலார் பேனல்: 6 வோல்ட், 1 வாட் அளவு, முடிந்தால் மேலே கண்ணாடி உள்ளது. ஒன்றைத் துடைத்துச் சுத்தமாக வைப்போம், மற்றதை அழுக்காக விடுவோம். ஐஎன்ஏ219 என்ற மின்னோட்டச் சென்சார் பலகை இரண்டு. சென்சார் எண்களைப் படிக்கும் குட்டிக் கணினிப் பலகையான ஈஎஸ்பி32 ஒன்று. தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பெட்டி, கொஞ்சம் வயர், 5 வோல்ட் சார்ஜர். சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ எல்லாம் கிடைக்கும்.

மலிவான குட்டிப் பேனல்களில் மேலே ஊற்றியிருப்பது எபாக்சி பிசின். வெயிலில் சில மாதத்தில் அது மஞ்சளாகி மங்கும், அதன் மேற்பரப்பில் தூசி ஒட்டும் விதமும் கண்ணாடி மாதிரி இருக்காது. அதுதான் கிடைத்தது என்றால், அளவாக வெட்டிய 3 அல்லது 4 மில்லிமீட்டர் ஜன்னல் கண்ணாடியை இரண்டின் மேலும் வைத்து, ஓரத்தில் சிலிகான் பசை போட்டு ஒட்டிவிடுங்கள். நம் பெரிய பேனலின் முகமும் கண்ணாடிதான், எனவே தூசி ஒரே மாதிரி படியும்.

இணைப்பது எப்படி?

பேனலின் பிளஸ் வயர் ஐஎன்ஏ219-இன் உள்ளே போகும் பிளஸ் முனைக்கு. அதற்குப் பக்கத்து மைனஸ் முனையிலிருந்து நேராகப் பேனலின் மைனசுக்கு. அந்த மைனசே ஈஎஸ்பி32-இன் கிரவுண்டோடும் சேர வேண்டும். நடுவில் வேறு லோடு எதுவும் கிடையாது. பலகையில் இருக்கும் 0.1 ஓம் மின்தடைதான் லோடு. 180 மில்லி ஆம்பியர் ஓடினால் அதில் விழுவது 18 மில்லிவோல்ட். பேனலின் கண்ணுக்கு அது முழு ஷார்ட்தான். சின்னப் பேனலை இப்படி நாள் முழுக்க ஷார்ட்டில் வைப்பதால் ஒன்றும் ஆகாது.

இரண்டு ஐஎன்ஏ219-உம் கடையிலிருந்து வரும்போது ஒரே முகவரியோடு வரும். ஒன்றில் மட்டும் ஏ0 என்று எழுதிய இடத்தில் ஒரு பொட்டு ஈயம் வைத்தால் முகவரி மாறிவிடும். பிறகு இரண்டும் ஒரே ஜோடி வயரில் பேசும். நிரலில் அளவு வரம்பை மிகக் குறைந்த நிலைக்கு, அதாவது 40 மில்லிவோல்ட்டுக்கு மாற்றுங்கள். அப்போது 0.1 மில்லி ஆம்பியர் வித்தியாசம்கூடத் தெரியும். சாதாரண வரம்பிலேயே விட்டால் நாம் தேடுகிற ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் இரைச்சலில் அமுங்கிப்போகும்.

ஏசிஎஸ்712 பலகை வீட்டில் கிடக்கிறதே, அதைப் போடலாமா என்று பலர் கேட்பார்கள். அது 5, 20, 30 ஆம்பியர் அளப்பதற்கானது. 180 மில்லி ஆம்பியரில் அதன் சொந்த ஆட்டமே நாம் தேடும் அளவுக்கு மேல் போய்விடும்.

எங்கே, எப்படிப் பொருத்துவது?

பெரிய பேனல்களுக்குப் பக்கத்தில், அதே சாய்வில், அதே திசையில், அதே உயரத்தில். நம் ஊரில் சாய்வு 10 முதல் 15 டிகிரிதான் இருக்கும், தெற்குப் பார்த்து. சின்னப் பேனலைத் தட்டையாகக் கிடத்தினால் பெரியதைவிட அதிக தூசி தங்கும். செங்குத்தாக வைத்தால் தங்கவே தங்காது. கைப்பிடிச் சுவரோரம் வைக்காதீர்கள், நிழலும் விழும், காற்றுச் சுழலும் வேறு. தண்ணீர்த் தொட்டியின் வழிகுழாய்க்கு நேர்கீழேயும் வேண்டாம்.

பலர் விட்டுவிடுவது சட்டகத்தை. பெரிய பேனலைச் சுற்றி அலுமினியச் சட்டகம் இருக்கிறது, கண்ணாடியை விட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மேலே நிற்கும் விளிம்போடு. தூறல் போட்டால் கரைந்து வரும் சேறு கீழ் விளிம்பில் முட்டி நின்று காயும். அருகில் போய்ப் பார்த்தால் கீழ் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு மண் கோடு தெரியும். மேலே சுத்தமாக இருக்கும், அந்தக் கோடு மட்டும் அடை அடையாக இருக்கும். சின்னப் பேனலுக்கும் அலுமினியக் கோணத் துண்டில் ஒரு குட்டிச் சட்டகம் அடித்தால்தான் அது பெரியதைப் போல நடந்துகொள்ளும்.

கணக்கு?

முதல் நாள் இரண்டையும் நன்றாகத் துடைத்து, தெளிந்த வானத்தில் உச்சிப் பொழுதில் அளந்துகொள்ளுங்கள். ஒரே மாடல் என்றாலும் இரண்டும் ஒரே எண் தராது. உதாரணத்துக்கு, துடைத்துச் சுத்தமாக வைக்கப்போவது 172 மில்லி ஆம்பியர், அழுக்காக விடப்போவது 168 என்று வைப்போம். 168-ஐ 172-ஆல் வகுத்தால் 0.977. இது உங்கள் தொடக்க விகிதம், குறித்து வையுங்கள்.

மூன்று வாரம் கழித்து சுத்தமானது 165, அழுக்கானது 150 காட்டுகிறது. விகிதம் 0.909. இதைத் தொடக்க விகிதத்தால் வகுக்க வேண்டும்: 0.909 ÷ 0.977 = 0.93. அதாவது தூசி ஏழு சதவீத வெளிச்சத்தைத் தின்கிறது. சுத்தமானது ஏன் 172-இலிருந்து 165 ஆனது என்று கவலைப்பட வேண்டாம், அன்றைக்கு வெயில் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். வகுக்கும்போது அது அடிபட்டுப்போகும்.

சூரிய மின் நிலையங்களைக் கண்காணிப்பதற்கான உலகத் தரமான ஐஇசி 61724-1-இலும் தூசிக்கான கணக்கு இதே விகிதத்தில்தான் இருக்கிறது. 1 என்றால் முழுச் சுத்தம், 0.93 என்றால் ஏழு சதவீதம் இழப்பு.

எந்த நேரத்து அளவை எடுப்பது?

காலை 11 முதல் மதியம் 1 வரை. பத்து விநாடிக்கு ஒருமுறை இரண்டையும் ஒன்றாகப் படித்து, விகிதம் போட்டு, அன்றைய எல்லா விகிதங்களையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி எடுத்தால், பேனல் மேல் ஒரு புறா வந்து உட்கார்ந்த ஐந்து நிமிடம்கூட அன்றைய கணக்கைக் கெடுத்துவிடும். நடு எண்ணை அது அசைக்காது.

காலையும் மாலையும் வெளிச்சம் சரிவாக வருவதால் அதே தூசி அதிகமாக மறைக்கும். இரண்டு பேனலுக்கும் இடையில் சாய்வில் அரை டிகிரி வித்தியாசம் இருந்தாலும் அந்நேரத்தில் அது பெரிதாகத் தெரியும். மேகமூட்டமான நாளை அப்படியே விட்டுவிடுங்கள். சுத்தமான பேனல் 80 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருந்தால் அந்த அளவைச் சேர்க்காதே என்று நிரலில் ஒரு வரி போட்டால் போதும். தூசி ஒரே நாளில் ஏறுவதில்லை. நாலு நாள் தவறினாலும் நஷ்டமில்லை.

சுத்தமான பேனலும் அழுக்காகுமே, தினமும் யார் துடைப்பது?

தினமும் துடைக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒருநாள், சொல்லப்போனால் ஞாயிறு காலை துணி காயப்போட மாடிக்குப் போகும்போது, ஈரத் துணியால் அந்த ஒன்றை மட்டும் துடைத்துவிடுங்கள். அன்றைய உச்சிப் பொழுது அளவை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். மற்ற ஆறு நாள் அளவு, போக்கு தெரிந்துகொள்ள மட்டும். கைக்கெட்டும் உயரத்தில் வைத்திருந்தால் இது ஒரு நிமிட வேலை.

குட்டி சர்வோ மோட்டார் வைத்து மூடி போட்டு, உச்சிப் பொழுதில் மட்டும் திறந்து அளப்பவர்களும் உண்டு. நன்றாக வேலை செய்யும், ஆனால் மழையிலும் வெயிலிலும் சர்வோ நீண்ட நாள் தாங்காது. துணியே மேல்.

இந்த எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் வேண்டாம், மல்டிமீட்டர் மட்டும்தான் இருக்கிறது. வழி உண்டா?

தாராளமாக. எனக்கு மிகவும் பிடித்த முறையும் இதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் செய்யலாம்.

கண்ணாடிக் கடையில் உள்ளங்கை அளவில் ஒரே மாதிரி ஆறு துண்டு வெட்டி வாங்குங்கள், ஓரத்தை மழுக்கித் தரச் சொல்லுங்கள். ஒன்றை வீட்டுக்குள் சுத்தமாக வையுங்கள். மீதியைப் பேனல் சட்டத்துக்குப் பக்கத்தில், அதே சாய்வில், கிளிப் போட்டு வெயிலில் விட்டுவிடுங்கள். தூசி தானே படியட்டும். அளக்க வேண்டிய நாளில் ஒரு துண்டை ஓரத்தைப் பிடித்து எடுங்கள், விரல் நடுவில் படக்கூடாது. சின்னப் பேனலை மல்டிமீட்டரின் ஆம்பியர் முனையில் இணைத்து, மேலே அழுக்குக் கண்ணாடியை வைத்து ஓர் அளவு, உடனே அதை எடுத்துவிட்டுச் சுத்தக் கண்ணாடியை வைத்து ஓர் அளவு. மறுபடி அழுக்கு, மறுபடி சுத்தம். மூன்று முறை செய்து பார்த்தால் நம்பலாம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் அதே விகிதம் கிடைக்கும். தொடக்க விகிதத்துக்குக்கூட வேலையில்லை, ஏனென்றால் பேனல் ஒன்றேதான்.

துண்டை அப்படியே பழைய இடத்தில் வைத்துவிடலாம். அல்லது வாரம் ஒரு துண்டாக எடுத்து வந்து, எந்த வாரத்தில் எவ்வளவு ஏறியது என்று பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. இதைச் சின்னப் பேனலில் மட்டும் செய்யுங்கள். மாடியில் வரிசையாக இணைத்த ஆறு பெரிய பேனல் சேர்ந்தால் 300 வோல்ட் டிசி வரும். அதை மல்டிமீட்டரால் ஷார்ட் செய்யக் கூடாது, ஓடிக்கொண்டிருக்கும்போது இணைப்பானைப் பிடுங்கவும் கூடாது. டிசியில் பொறி பிடித்தால் எளிதில் அணையாது, உயிருக்கே ஆபத்து.

எல்டிஆர், லக்ஸ் சென்சார் எல்லாம் இதைவிட மலிவாயிற்றே?

எல்டிஆர் என்பது வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் சின்னப் பாகம், ஆனால் அது வெளிச்சத்துக்கு நேர் விகிதத்தில் மாறாது. உச்சி வெயிலில் அதன் மின்தடை அடிமட்டத்துக்குப் போய்விடும், ஐந்து சதவீத வித்தியாசம் அங்கே தெரியவே தெரியாது. தெருவிளக்கு போடவும் அணைக்கவும் சரி. லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு. பிஎச்1750 லக்ஸ் சென்சார் சாதாரண அமைப்பில் ஐம்பத்தைந்தாயிரம் லக்ஸ் வட்டாரத்திலேயே நின்றுவிடும். நம் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். பிபிடபிள்யூ34 மாதிரி போட்டோடயோடு, அதாவது ஒளி பட்டால் மின்னோட்டம் தரும் குட்டிப் பாகம், நேர் விகிதத்தில் நன்றாகவே அளக்கும். ஆனால் அதன் பரப்பு சில சதுர மில்லிமீட்டர்தான். ஒரு துளி மழைக்கறை விழுந்தால் பாதி மறைந்துவிடும். தூசி திட்டுத் திட்டாகத்தான் படியும். பரப்பு பெரிதாக இருந்தால்தான் நியாயமான அளவு கிடைக்கும்.

வெயிலே இல்லாமல், கண்ணாடிக்குக் கீழிருந்து ஒளி அடித்து அளக்க முடியாதா?

முடியும். கண்ணாடிக்கு அடியிலிருந்து எல்இடி வெளிச்சத்தை மேலே அனுப்பினால், மேலே உள்ள தூசியில் பட்டுக் கொஞ்சம் திரும்பி வரும். அதைப் போட்டோடயோடு பிடிக்கும். பெரிய மின் நிலையங்களில் வைக்கும் டஸ்ட்ஐக்யூ கருவி நீல எல்இடியை வைத்து இப்படித்தான் செய்கிறது, அதற்குத் துடைத்து வைக்க இன்னொரு சுத்தப் பேனல் தேவையில்லை. வீட்டில் செய்தால் இரண்டு தொல்லை. பனித்துளியும் தூசி மாதிரியே ஒளியைத் திருப்பும். அப்புறம், வெள்ளைச் சுண்ணாம்புத் தூசி நிறையத் திருப்பும், கரும்புகை கொஞ்சம்தான் திருப்பும், ஆனால் பேனலுக்கு அதிகக் கெடுதல் கரும்புகைதான். எந்தத் தூசி என்று தெரியாமல் எண்ணை நம்பக் கூடாது. இரண்டு பேனல் முறையில் இந்தச் சிக்கல் வராது.

காக்கா எச்சத்தையும் கீழ் விளிம்பு மண்ணையும் இது காட்டுமா?

காட்டாது. இந்த முறையின் உண்மையான குறை இது. உள்ளங்கை அளவுப் பேனலில் விழாத எச்சம் பெரிய பேனலில் விழுந்திருக்கும். எச்சம் விழுந்த செல்லின் மின்னோட்டம் குறையும். வரிசையில் உள்ள எல்லாச் செல்லுக்கும் ஒரே மின்னோட்டம்தான் என்பதால், மற்றவை தள்ளும் மின்சாரம் அந்தச் செல்லில் சூடாக மாறும். ஒரு பேனலின் செல்கள் மூன்று பகுதியாகப் பிரிந்திருக்கும், பேனலுக்குப் பின்னால் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பைபாஸ் டயோடு உண்டு. அது மின்னோட்டத்துக்கு அந்தப் பகுதியைத் தாண்டி வழி விட்டுவிடும். அப்போது பேனலின் மூன்றில் ஒரு பங்கு அப்படியே போகும்.

மண் கோடும் அப்படித்தான். பழைய வகைப் பேனலை நெடுக்காக நிறுத்தியிருந்தால், கீழ் வரிசைச் செல்கள் மூன்று பகுதியையும் சேர்ந்தவை. அந்த வரிசையை மண் மூடினால் மூன்றும் அடிவாங்கும். படுக்கையாகப் போட்டிருந்தால் ஒரு பகுதி மட்டும். இப்போது பரவலாக வரும் பாதி வெட்டிய செல் பேனல்களில் மேல்பாதியும் கீழ்பாதியும் இணையாக இருப்பதால், நெடுக்காக நின்றாலும் மேல்பாதி தப்பிக்கும்.

இதற்கு சென்சார் தேடாதீர்கள். வாரம் ஒருமுறை கண்ணால் பாருங்கள். தென்னை மரமோ கேபிள் வயரோ பேனலுக்கு மேலே போனால், அதற்கு நேர்கீழே உள்ள பேனலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கழுவினதும் ஆப்பில் பத்து சதவீதம் ஏறியது. அத்தனையும் தூசியா?

அநேகமாக இல்லை. 65 டிகிரியில் கொதித்த பேனலில் தண்ணீர் ஊற்றினால் 40 டிகிரிக்கு இறங்கும். 25 டிகிரி குறைந்தால், டிகிரிக்கு 0.35 என்று வைத்தாலே எட்டே முக்கால் சதவீதம் கூடும். அது குளிர்ச்சியால் வந்தது, பேனல் காய்ந்து மறுபடி சூடானதும் போய்விடும். பேனல் கழுவும் சேவைக்காரர்கள் கழுவிய கையோடு ஆப்பைக் காட்டினால், அரை மணி நேரம் பொறுத்து அதே வெயிலில் மறுபடி பாருங்கள். மிஞ்சி நிற்பதுதான் தூசியின் பங்கு.

விகிதம் எவ்வளவு இறங்கினால் கழுவலாம்?

எல்லோருக்கும் ஒரே எண் கிடையாது. 3 கிலோவாட் வீட்டுக்கு நான் சொல்வது 0.93. ஒன்றிரண்டு சதவீத ஏற்ற இறக்கத்தை இந்தக் கருவியில் நம்ப முடியாது. ஐந்தைத் தாண்டினால் யோசிக்கலாம். ஏழு என்றால் கழுவிவிடலாம். தொழிற்சாலைக் கூரையில் 100 கிலோவாட் வைத்திருப்பவருக்கு மூன்று சதவீதமே பெரிய காசு. அவர் கழுவும் கூலியை ஒரு நாள் இழப்பால் வகுத்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

மாதத்தையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் 0.92 வந்தாலும் பொறுக்கலாம், வடகிழக்குப் பருவமழை ஒரு நல்ல மழையில் கழுவித் தந்துவிடும். தை முடிந்து சித்திரை வரை மழை இல்லாத நாட்கள், வெயிலும் உச்சம், இழப்பும் உச்சம். அப்போது தள்ளிப்போடாதீர்கள். ஆடிக் காற்றில் புழுதி பறக்கும் மேற்கு மாவட்டங்களுக்கு அந்த மாதமும் சேரும். தூறலை நம்பி விடவே கூடாது. பொசபொசவென்று நாலு துளி விழுந்து நின்றால், காற்றிலிருந்த தூசியையும் சேர்த்து இறக்கிப் புள்ளி புள்ளியாகக் காயவைத்துவிடும். மறுநாள் விகிதம் ஏறுவதற்குப் பதில் இறங்கியிருக்கும்.

கழுவிய பிறகும் விகிதம் 1-க்குத் திரும்பவில்லையே?

பெரிய பேனலைக் கழுவும்போது, அழுக்குக்காக விட்ட சின்னப் பேனலையும் அதே தண்ணீரால், அதே துடைப்பானால், அதே மாதிரி கழுவ வேண்டும். அப்படிச் செய்தும் 0.97-இலேயே நின்றால் முதல் சந்தேகம் தண்ணீர்மேல். உப்பு அதிகமுள்ள போர் தண்ணீர் காய்ந்ததும் வெள்ளைப் படலம் விடும். நாலைந்து முறை இப்படிக் கழுவினால் படலம்மேல் படலம் ஏறும். கடைசியாக ஒருமுறை நல்ல தண்ணீரோ மழைநீரோ விட்டு, ரப்பர் வைப்பரால் இழுத்துவிட்டுப் பாருங்கள். விகிதம் ஏறினால் காரணம் கிடைத்துவிட்டது.

கடலோர ஊர்களில் உப்புக் காற்றோடு தூசி சேர்ந்து பிசுபிசுப்பாகப் பிடிக்கும். அதற்கு வெறும் தண்ணீர் பீய்ச்சினால் போதாது, மென்மையான துணியோ பிரஷோ தேவை. கம்பி நார், சோப்புத் தூள் இரண்டும் ஆகாது. விடியற்காலையில் கழுவுங்கள். பனி ஏற்கெனவே ஊறவைத்திருக்கும், கண்ணாடியும் சூடாக இருக்காது. பேனல் மேல் ஏறி நிற்காதீர்கள், கண்ணாடி உடையாவிட்டாலும் உள்ளே செல் விரிசல் விடும்.

சென்சாரை எத்தனை நாள் நம்பலாம்?

ஒவ்வொரு முறை இரண்டையும் கழுவும்போதும் தொடக்க விகிதத்தை மறுபடி எடுத்து எழுதி வையுங்கள். 0.977, 0.975, 0.976 என்று பக்கத்தில் பக்கத்தில் வந்தால் கருவி நலம். மெல்ல மெல்ல ஒரே பக்கமாக நகர்ந்தால், ஒரு பேனலின் பிசின் மங்குகிறது அல்லது ஒரு வயர் முனை பச்சை பிடிக்கிறது. பெட்டியில் வயர் போகும் ஓட்டையைக் கீழ்ப்பக்கமாக வைத்து, சிலிகானால் அடைத்துவிடுங்கள். மழையைவிட எறும்புதான் முதலில் உள்ளே போகும்.

விகிதம் ஒரே நாளில் பத்து சதவீதம் இறங்கியது. தூசியா?

பக்கத்தில் வீடு இடிக்கிறார்கள், தெருவில் சாலை போடுகிறார்கள் என்றால் இருக்கலாம். மற்றபடி ஒரே நாளில் அவ்வளவு தூசி படியாது. சின்னப் பேனலின் மேல் காய்ந்த இலையோ எச்சமோ இருக்கிறதா, புதிதாக ஏதாவது நிழல் விழுகிறதா என்று பாருங்கள். அடுத்த வீட்டு மாடியில் புதிதாக நட்ட டிஷ் ஆன்டெனா, நாம் கட்டிய துணிக்கொடி, எதுவாகவும் இருக்கலாம். இரண்டு பேனலையும் இடம் மாற்றி வைத்து ஒரு நாள் அளங்கள். குறைவு அந்த இடத்திலேயே நின்றால் நிழல். பேனலோடு கூடவே போனால், அதைத் துடைத்துவிட்டு அளங்கள். ஏறிவிட்டால் அழுக்குதான். துடைத்தும் ஏறவில்லை என்றால் வயரையும் ஈயம் வைத்த இடங்களையும் சோதியுங்கள்.